சென்னைக்கு வந்த 155 ஜீப்புகள்

பழைய மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவது வழக்கம். மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார். எஞ்சினை ஓடவிட்டுப் புகைக் குழாயின் பின்னால் போய் நிற்பார். ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். கடைசியில், விற்கிறவருக்குக் கேட்காதபடி நம் காதருகில் குனிந்து ஒரு தொகையைச் சொல்வார். அது வண்டியின் விலை அல்ல. வாங்கிய பிறகு அதற்கு அழவேண்டிய தொகை. சேர்த்து வைத்த பணத்தைப் போடுகிற சாதாரணக் குடும்பஸ்தர்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்.

1948-ம் வருஷம் இந்திய சர்க்கார் லண்டனில் 2,000 பழைய ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் 155 ஜீப்புகள் 1949-ல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. ராணுவ இலாகா அவற்றைப் பார்த்துவிட்டு, இவை உபயோகத்துக்கு லாயக்கில்லாதவை என்று ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இதைச் சரித்திரப் புத்தகங்கள் இரண்டு மூன்று வரிகளில் சொல்லிப் போகின்றன. அந்த வரிகளில் ஹைகமிஷனர் உண்டு, மந்திரி உண்டு, பார்லிமெண்டு உண்டு, ஜீப்தான் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. கொலைக் கதையில் பிரேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போலீஸ்காரர்களின் உத்தியோக உயர்வைப் பற்றியே பேசினால் எப்படி இருக்கும்? ஆகையால் நான் ஜீப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

1940-ம் வருஷம் ஜூலை மாதம், ஹிட்லரின் படைகள் பிரான்ஸை விழுங்கி ஏப்பம் விட்டிருந்த சமயம், அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நாலு சக்கரங்களும் இழுக்கும்படியான சின்ன வண்டி ஒன்று வேண்டும். எடை 1,300 ராத்தலுக்கு மேல் போகக்கூடாது. 49 நாளில் முதல் வண்டியைக் கொண்டு வந்து காட்டவேண்டும் என்று நிபந்தனை. பெரிய கம்பெனிகள் சிரித்துவிட்டுப் போய்விட்டன. பதில் எழுதியவை இரண்டே இரண்டு. ஒன்று வில்லிஸ் ஓவர்லாண்டு. மற்றொன்று, பென்ஸில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், கிட்டத்தட்ட மூடும் நிலையிலிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. பாண்டம்காரர்கள் கார்ல் பிராப்ஸ்ட் என்ற எஞ்சினீயரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாளில் வண்டியின் வரைபடங்களைப் போட்டு முடித்தார். செப்டம்பர் 23-ந் தேதி மாலை 5 மணி என்பது கெடு. பிராப்ஸ்ட் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு போய், மேரிலாண்டிலுள்ள ஹோலபேர்டு ராணுவ முகாமில் நாலரை மணிக்குக் கொண்டு நிறுத்தினார்.

உழைத்தவனுக்கு உரிய பலன் கிடைத்ததா என்றால், இல்லை. பாண்டம் பெரிய அளவில் உற்பத்தி செய்யச் சக்தியற்ற கம்பெனி என்று ராணுவம் கருதி, அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டது. யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து சுமார் 6,40,000 ஜீப்புகளைச் செய்து குவித்தன. பாண்டத்துக்குக் கிடைத்தது சுமார் 2,700 ஜீப். அப்புறம் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்யும் வேலை!

எடை விஷயத்தில் 1,300 ராத்தல் என்பது பகற்கனவு என்று ராணுவத்துக்கே பின்னால் விளங்கியது. கடைசியில் தயாரான யுத்த ஜீப்பின் எடை 2,300 ராத்தலுக்கு மேல். அதற்கும் வில்லிஸ் கம்பெனியின் எஞ்சினீயர் பார்னி ரூஸ் பட்டபாடு கொஞ்சமல்ல. நீளமான போல்ட்டுகளை வெட்டினார், தகடுகளை மெல்லிதாக்கினார், மேலே பூசுகிற பெயிண்டைக்கூட எடை போட்டார் என்பார்கள். ஆனால் எஞ்சினில் மட்டும் அவர் கை வைத்துக் குறைக்கவில்லை. நாலு சிலிண்டர், 60 குதிரை சக்தி. போட்டிக்கு வந்தவற்றில் அதுவே பலமானது. அமெரிக்க ராணுவம் ஒரு ஜீப்புக்கு 1941-ல் கொடுத்த விலை சுமார் 740 டாலர். இந்த எண்ணை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டி யுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதன் மறுபக்கத்தை யோசிப்பதில்லை. பேரன் பேத்தி காலம் வரை உழைக்கவேண்டும் என்று யாரும் யுத்த ஜீப்பைச் செய்யவில்லை. போர்க்களத்தில் அது குண்டு பட்டோ, கண்ணிவெடியில் ஏறியோ, ஆற்றில் கவிழ்ந்தோ போவதற்கு முன்னால் சில மாதங்கள் நன்றாக ஓடினால் போதும். அப்படிப் போகாமல் பிழைத்து நின்ற வண்டிகளைத்தான் யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் மைதானம் மைதானமாக நிறுத்தி ஏலம் போட்டார்கள்.

பிழைத்த ஜீப்புக்கு என்னென்ன வியாதிகள் வரும்? கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஜீப் வேலைக்கென்றே பேர்போன வயதான மேஸ்திரி ஒருவரிடம் இதைக் கேட்டேன். வில்லிஸ் எஞ்சினைப் பல தடவை அவிழ்த்து மாட்டியவர்.

"தம்பி, யுத்தத்துல ஓடுன வண்டிக்கு மீட்டரைப் பார்த்து வயசு சொல்ல முடியாதுங்க," என்றார். "ஆயிரம் மைல் ஓடியிருக்கும்; ஆனா ஆயிரமும் சேத்துலயும் தண்ணியிலயும் ஓடியிருக்கும். பெயிண்டைப் பார்த்து வாங்குனா, பெயிண்டைத்தான் வாங்குனதா அர்த்தம்."

பிறகு அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். எஞ்சினில் முதலில் போவது சிலிண்டரின் உட்சுவர். தூசியும் மணலும் உள்ளே போய் அதைத் தேய்த்து விடுகின்றன. வட்டமாக இருந்த துவாரம் மேல்பக்கத்தில் அகன்று முட்டை வடிவாகிவிடும். ரிங் பிடிக்காது, வண்டி ஆயில் குடிக்கும், பின்னால் நீலப் புகை தள்ளும். இதற்குப் புது ரிங் மட்டும் போட்டு ஏமாற்றலாம். ஆயிரம் மைலுக்குள் மறுபடி புகையும். சரியான வைத்தியம் ரீபோர். சிலிண்டரை லேத்துப் பட்டறைக்காரன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கோ 30 பங்கோ கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். கிராங்க் ஷாஃப்டையும் கடைய வேண்டும். அதற்கும் தகுந்த பேரிங் வேண்டும். யுத்தகால எஞ்சின்கள் பலவற்றில் உள்ளே ஒரு டைமிங் சங்கிலி உண்டு. அது தொய்ந்துவிட்டால் வால்வு திறக்கும் நேரமே தவறிப்போகும். யுத்தத்துக்குப் பின் வந்த எஞ்சின்களில் கம்பெனியே அந்தச் சங்கிலியை எடுத்துவிட்டுப் பல்சக்கரம் வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சினாவது பரவாயில்லை, அது ஜீப்பின் பலமான பாகம். கியர் பாக்ஸ்தான் அதன் பலவீனம். எல்லாம் தேய்ந்த வண்டியில் இரண்டாம் கியர் போட்டு மேட்டில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தானே தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடும். மலைப் பாதையில் இந்த ஒரு குணம் போதும், வண்டியும் ஆட்களும் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு. யுத்தத்துக்குப் பிறகு பொதுமக்களுக்காக 1945-ல் ஜீப் செய்யத் தொடங்கியபோது, வில்லிஸ்காரர்கள் அந்தக் கியர் பாக்ஸை மாற்றி வேறு பலமானதாக வைத்தார்கள்.

அப்புறம் ஸ்டியரிங். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், முன் அச்சின் மேல், முழங்கை மாதிரி ஒரு கோணக்கம்பி இருக்கிறது. அதன் புஷ் தேய்ந்துவிட்டால் ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பினாலும் வண்டி தன்பாட்டுக்கு நேரே போகும். கிங்பின் பேரிங்கும் போய்விட்டால் ஒரு வேகத்தில் முன் சக்கரங்கள் சன்னதம் வந்தவை போல் ஆடத் தொடங்கும். சில வருஷம் ஓடாமல் வெட்ட வெளியில் நின்ற வண்டியானால் இன்னும் வேடிக்கை. டிரைவர் ஸீட்டுக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் டாங்கில் துருப் பிடித்து, ஓடும்போதெல்லாம் குழாயை அடைக்கும். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப்புகள் காய்ந்து, உட்சுவர் துருவால் குழி குழியாகி, மிதித்தால் பெடல் தரைவரை போகும். 6 வோல்ட் பாட்டரி. எங்காவது ஓர் இணைப்பில் பச்சை பூத்துவிட்டால் குளிர்காலக் காலையில் செல்ஃப் எடுக்காது. ரேடியேட்டரில் உப்புப் படிந்து கொதிக்கும். ஆற்றில் இறங்கிய வண்டியின் அச்சுப் பெட்டியைத் திறந்தால் ஆயில் மோர் மாதிரி இருக்கும், தண்ணீர் கலந்தது.

"இதெல்லாம் சரி பண்ண முடியாதா?" என்றேன்.

"பண்ணாம என்னங்க? எல்லாமே பண்ணலாம். ஆனா ஒண்ணைப் பண்ணிட்டு ஒண்ணை விட்டா, விட்டது போய்ப் பண்ணுனதையும் கெடுத்துப்போடும். எஞ்சின் புதுசாக்கிப் பழைய கியர் பாக்ஸுல மாட்டுங்க, ஒரு மாசத்துல கியர் பாக்ஸ் அழுகும். முச்சூடும் அவுக்கோணும். இல்லாட்டித் தொடவே கூடாது."

முழுதும் அவிழ்ப்பது என்றால் என்ன என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் காட்டினார்கள். பாரிஸுக்குக் கிழக்கே லா மால்தூர்னே என்ற இடத்தில் அவர்களுடைய ராணுவப் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே யுத்த ஜீப்புகளைக் கடைசி போல்ட் வரை கழற்றி, பாகம் பாகமாகச் சோதித்து, தேறியதைச் செப்பனிட்டு, தேறாததை எறிந்து, திரும்ப ஒன்றாகச் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். ஒரு வண்டியின் எஞ்சின் வேறொரு வண்டியின் சட்டத்தில் உட்காரும். ஃபோர்டு செய்த போல்ட்டுகளின் தலையில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். வில்லிஸ் ஜீப்பில் அந்த எழுத்துள்ள போல்ட் இருந்தால், அது எங்கேயோ ஒரு பட்டறைக்குப் போய் வந்தது என்று அடையாளம். இப்படிச் செப்பனிட்ட ஜீப்புகள் பிரெஞ்சு ராணுவத்தில் பல வருஷம் உழைத்தன. ஆகவே, பழைய ஜீப் வாங்கியது தவறு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 'செப்பனிட்டது' என்ற ஒரே சொல்லுக்கு லா மால்தூர்னேயும் அர்த்தம்; ஒட்டுப் போட்டு, பட்டி வைத்து, பச்சைப் பெயிண்ட் அடிப்பதும் அர்த்தம். லண்டன் ஒப்பந்தத்தில் பணம் இந்தச் சொல்லை நம்பித்தான் கைமாறியது.

அவசரம் உண்மையான அவசரம். 1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டது. ரயில் கிடையாது, இருக்கிற பாதையும் மலைப்பாதை. பிரிவினையில் படையும் தளவாடமும் பங்கு போடப்பட்டிருந்தன. அமெரிக்காவில் புது ஜீப் வாங்கலாமே என்றால் டாலர் வேண்டும். டாலருக்கு அப்போது உலகமெங்கும் பஞ்சம். இந்தியாவுக்கு இருந்த ஆஸ்தி, யுத்த காலத்தில் பிரிட்டிஷாருக்குக் கொடுத்த சாமானுக்கும் சேவைக்கும் ஈடாக லண்டனில் பவுனாகச் சேர்ந்திருந்த பாக்கி. பவுன் கொடுத்து வாங்கக்கூடிய இடத்தில், பவுன் கொடுத்து வாங்கக்கூடிய வண்டியைத் தேடியதில் நியாயம் உண்டு. தேடியவர் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, இந்திய சுதந்திரத்துக்காக லண்டனிலேயே வருஷக்கணக்கில் பாடுபட்டவர். கூர்மையான புத்தி, பிறர் சொல்லைக் கேட்கும் பொறுமை மிகக் குறைவு. இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்வது நாவலாசிரியனுக்கு லாபம். சர்க்காருக்கு அவ்வளவு லாபம் என்று சொல்வதற்கில்லை.

ஒப்பந்தம் ஆன்டி மிஸ்டான்ட்ஸ் என்ற கம்பெனியுடன். செப்பனிட்ட ஜீப் ஒன்றுக்கு 300 பவுன் விலை, 2,000 ஜீப். அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா சொச்சம். ஆக, ஜீப் ஒன்று 4,000 ரூபாய். மொத்தம் 80 லட்சம் ரூபாய். டாலரில் பார்த்தால் ஒரு ஜீப் 1,200 டாலருக்குக் கொஞ்சம் மேல். 740 டாலருக்குப் பிறந்து, யுத்தத்தில் அடிபட்டு, மைதானத்தில் மழையில் நனைந்த வண்டிக்கு 1,200 டாலர்! 1945-ல் வில்லிஸ் கம்பெனி பொதுமக்களுக்கு விற்ற புதிய ஜீப்பின் விலையே சுமார் 1,090 டாலர்தான். அமெரிக்காவிலோ கனடாவிலோ புது வண்டி வாங்க ஆகும் விலைக்கு லண்டனில் பழைய வண்டி வாங்கப்பட்டது என்று பின்னால் குற்றம் சாட்டியவர்கள் சொன்னது இதைத்தான்.

விலையாவது போகட்டும். என்னை மலைக்க வைத்த எண் வேறு. அந்தக் கம்பெனியின் மூலதனம் 605 பவுன். அதாவது, 2,000 ஜீப் தருவதாகக் கையெழுத்துப் போட்ட கம்பெனி, தன் முதல் முழுவதையும் போட்டாலும் தான் சொன்ன விலையில் இரண்டு ஜீப்புக்கு மேல் வாங்கியிருக்க முடியாது! பணம் கொடுக்கும் முறையும் அதற்கேற்ப இருந்தது. பரிசோதனைச் சர்டிபிகேட்டைக் காட்டியதும் 65 சதவிகிதம். வண்டி வந்து சேர்ந்ததும் 20 சதவிகிதம். ஒரு மாதம் கழித்து மீதி. முதலில் சொன்ன குடும்பஸ்தர் காதில் மெக்கானிக் குனிந்து ரகசியம் சொல்கிறாரே, அந்தக் கட்டம் இந்த ஏற்பாட்டில் கப்பலுக்குப் பின்னால் வருகிறது. ராணுவத்து மெக்கானிக் வண்டியைத் தொட்டுப் பார்க்கும்போது மூன்றில் இரண்டு பங்குப் பணம் லண்டனில் கைமாறியிருக்கும்.

வண்டிகள் வந்து சேர்ந்தபோது காஷ்மீரில் சண்டையே நின்றுவிட்டது; போர் நிறுத்தம் 1949 ஜனவரி 1-ந் தேதி. எந்த அவசரத்துக்காக முறைகளைத் தளர்த்தினார்களோ, அந்த அவசரம் கப்பலுக்கு முன்னால் முடிந்துபோயிற்று. சென்னைத் துறைமுகத்தில் நின்ற 155 வண்டிகளை நான் மனக்கண்ணில் பார்க்கிறேன். கடற்காற்று, உப்பு, ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருக்கிற யுத்த வண்டிகள். காக்கிச் சட்டையும் கையில் காகிதமுமாக ஒரு மனிதர் முதல் வண்டியின் பானெட்டைத் தூக்குகிறார். அவர் பெயர் சரித்திரத்தில் இல்லை. பிரேக் பெடலை மிதிக்கிறார்; ஸ்டியரிங்கை ஆட்டுகிறார்; அடுத்த வண்டிக்குப் போகிறார். இத்தனை மட்டும் என் கற்பனை. முடிவில் ராணுவம் அவற்றை வேண்டாம் என்றது கற்பனை அல்ல.

அவற்றை ரிப்பேர் செய்து ஓட்டியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். 155 வண்டிக்கு விலைக் கணக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மேஸ்திரியின் சித்தாந்தப்படி ஒவ்வொன்றையும் முச்சூடும் அவிழ்க்க வேண்டும். கூலி நம் நாட்டில் மலிவு. லேத்துப் பட்டறை ராணுவத்திடமே உண்டு. ஆனால் பிஸ்டன், பேரிங், கியர் சக்கரம் ஆகியவற்றைப் புதிதாக வாங்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் எழுத வேண்டும். எழுதினால் டாலர் கொடுக்க வேண்டும். டாலரை மிச்சம் பிடிக்கத்தான் இந்த வண்டிகளே!

இதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஜீப்பும் வரவில்லை, நஷ்ட ஈடும் வரவில்லை. ஹைகமிஷனர் ஆபீஸ் இன்னொரு கம்பெனியைப் பிடித்தது, எஸ். ஸி. கே. ஏஜென்ஸீஸ் என்று பெயர். இந்தத் தடவை 1,007 ஜீப். மாதம் 68 வீதம் அனுப்புவது. பழைய நஷ்டத்தையும் புதுக் கம்பெனியே ஈடுகட்டுவது. விலை 300 பவுனிலிருந்து 458 பவுனுக்கு ஏறியிருந்தது. நம் பணத்தில் ஆறாயிரத்துக்கு மேல். இரண்டு வருஷத்தில் வந்தவை 49.

இதே சமயத்தில் பம்பாயில் மசகான் பகுதியில் வேறொரு ஜீப் கதை நடந்துகொண்டிருந்தது. 1945-ல் லூதியானாவில் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாக, உருக்கு வியாபாரத்துக்காக 'மகிந்திரா அண்டு முகம்மது' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். தேசம் பிரிந்ததும் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரி ஆனார். 1951-ல் கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே இருந்தவர்கள் 1948-ல் கம்பெனியின் பெயரை 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என்று மாற்றிக்கொண்டு, வில்லிஸ் கம்பெனியிடமிருந்து பாகங்களை வரவழைத்து ஜீப் சேர்க்கத் தொடங்கினார்கள். காஷ்மீர்ச் சண்டையில் எதிரெதிரே நின்ற இரண்டு சர்க்கார்களில் ஒன்றின் கஜானாச் சாவி, இந்தியாவில் ஜீப் செய்த கம்பெனியின் பழைய கூட்டாளியிடம் இருந்தது! இதை நான் கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் 'நம்பும்படியாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பார்லிமெண்டில் ஜீப் விவகாரம் வருஷக்கணக்காக இழுத்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு, இதை நீதி விசாரணைக்கு விடவேண்டும் என்று கருதியது. மேனன் தம் பைக்கு ஒரு காசு எடுத்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. அவர் மேலிருந்த புகார், முறை தவறினார் என்பதும், யாருக்கு எவ்வளவு பணத்தை எதை நம்பிக் கொடுத்தார் என்பதும்தான். விசாரணை நடந்திருந்தால் அவருக்கே நல்லதாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் 1955 செப்டம்பர் 30-ந் தேதி உள்நாட்டு மந்திரி கோவிந்த வல்லப பந்த், சர்க்காரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். எதிர்க்கட்சிகளுக்குத் திருப்தி இல்லாவிட்டால் தேர்தலில் பேசிக்கொள்ளட்டும் என்றார். 1956 பிப்ரவரியில் நேரு மேனனை இலாகா இல்லாத மந்திரியாகச் சேர்த்துக்கொண்டார். 1957-ல் பொதுத் தேர்தலில் வட பம்பாயில் ஜயித்த மேனன், ராணுவ மந்திரியானார்.

ராணுவ மந்திரியான பிறகு அவர் செய்த காரியங்களில் ஒன்றைச் சரித்திரக்காரர்கள் ஜீப் விவகாரத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. ராணுவத்துக்கு வேண்டிய வண்டியை வெளியே வாங்கக்கூடாது, சர்க்கார் தொழிற்சாலையிலேயே செய்யவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஜெர்மனியின் மான் கம்பெனியோடு ஏற்பாடு செய்து, 1959-ல் ஜபல்பூரில் 'சக்திமான்' லாரி வெளிவந்தது. அவருடைய விரோதிகள், ராணுவத் தொழிற்சாலைகளில் மேனன் காப்பி வடிகட்டும் மிஷின் செய்கிறார் என்று பரிகாசம் செய்தார்கள். காப்பி மிஷினும் செய்தது உண்மைதான். 1962-ல் சீனாவுடன் நடந்த யுத்தத்தோடு அவர் பதவி போயிற்று. சக்திமான் லாரி 1990களின் நடுப்பகுதி வரை உற்பத்தியில் இருந்தது. அதற்குப் பிறகும் அநேக வருஷம் மலைப்பாதைகளில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஓடியது.